பாய்மரப் படகில் குடும்பத்தோடு: பனாமா முதல் ஃபிஜி வரை ஒரு பருவத்துக்கான முழுமையான வழிகாட்டி

பனாமாவிலிருந்து கிளம்பி ஃபிஜியில் பருவத்தை முடிக்க எங்களுக்கு எட்டு மாதம் ஆனது. பிறகு ஒருநாள் லாக் புத்தகத்தைப் புரட்டி எண்ணிப் பார்த்தேன். அந்த எட்டு மாதத்தில் இரவும் பகலும் பாய் விரித்து நடுக்கடலில் ஓடியது ஐம்பது நாளுக்கும் குறைவு. மீதி நாளெல்லாம் ஏதோ ஒரு தீவின் ஓரத்தில் நங்கூரம் போட்டு இருந்தோம்.

கிளம்பும்முன் எல்லோரும் கேட்டது புயலைப் பற்றியும் சுறாவைப் பற்றியும்தான். நாங்களும் அதற்காகவே பயந்து தயாரானோம். குடும்பத்தின் நிம்மதியைத் தீர்மானித்தவை வேறு: இரவு இரண்டு மணிக்குக் காற்று திரும்பினால் நங்கூரம் தாங்குமா, தொட்டியில் எத்தனை லிட்டர் தண்ணீர் இருக்கிறது, சின்னவன் நேற்று நன்றாகத் தூங்கினானா. அதனால் இந்த வழிகாட்டியிலும் அவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். நாங்கள் நால்வர்: நான், கணவர், ஒன்பது வயது மகள், ஐந்து வயது மகன். படகு 41 அடி நீளம், ஒற்றை உடல்.

படி 1: பருவத்தைப் பார்த்து நாள் குறியுங்கள்

தென் பசிபிக்கில் சூறாவளிக் காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. மே முதல் அக்டோபர் வரை தென்கிழக்குக் காற்று சீராக அடிக்கும். மேற்கே போகிறவர்களுக்கு அது பின்னாலிருந்து தள்ளிவிடும் காற்று. மொத்தப் பயணமும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

எங்கள் நாள்கணக்கு இப்படி இருந்தது. பிப்ரவரி கடைசியில் பனாமா. அங்கிருந்து கலாபகோஸ் சுமார் 900 கடல் மைல் (ஒரு கடல் மைல் 1.85 கிலோமீட்டர்). கலாபகோஸில் அனுமதிச் செலவு அதிகம். படகின் அடிப்பாகம் பாசி இல்லாமல் சுத்தமாக இருக்கிறதா என்று முக்குளித்துப் பார்ப்பார்கள். அதனால் பலர் நிற்காமலே போய்விடுகிறார்கள். அடுத்தது நீண்ட ஓட்டம்: மார்க்கேசாஸ் தீவுகள் வரை சுமார் 3,000 கடல் மைல், எங்களுக்கு 21 நாள். மார்க்கேசாஸுக்குச் சூறாவளி அரிதாகவே வரும். அதனால் ஏப்ரலிலேயே அங்கே போய் நிற்கலாம். மே, ஜூன் மாதங்கள் துவாமோத்து பவளத் தீவுகளில். ஜூலையில் தாஹித்தி, மூரியா, போரா போரா. ஆகஸ்டில் டோங்காவின் வவாவு. செப்டம்பர், அக்டோபர் ஃபிஜி.

வரைபடத்தில் பார்க்கும்போது எட்டு மாதம் நிறைய என்று தோன்றும். அப்படியில்லை. ஒவ்வொரு இடத்திலும் ஒரு வாரம் கூடுதலாக இருக்க ஆசை வரும், அந்த வாரங்கள் சேர்ந்து அக்டோபரில் கழுத்தைப் பிடிக்கும். நாங்கள் ஒவ்வொரு தீவுக் கூட்டத்துக்கும் 'இந்தத் தேதிக்குள் கிளம்பிவிட வேண்டும்' என்று ஒரு கடைசி நாள் எழுதி, சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தோம். ஆனால் 'இந்தத் தேதிக்குப் போய்ச் சேர வேண்டும்' என்று எதையும் எழுதவில்லை. சேரும் தேதியை முடிவு செய்துவிட்டால் கெட்ட காற்றிலும் கிளம்பத் தோன்றும். நண்பர்களையோ தாத்தா பாட்டியையோ பார்க்க வரச் சொன்னால், இடத்தைச் சொல்லுங்கள் அல்லது தேதியைச் சொல்லுங்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்லாதீர்கள்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மார்க்கேசாஸ், துவாமோத்து, தாஹித்தி எல்லாம் அடங்கிய பிரெஞ்சு பாலினேசியா பிரான்சின் பகுதிதான் என்றாலும் ஷெங்கன் விசா அங்கே செல்லாது. தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அதுவும் கிளம்பும்முன்பே. மூன்று மாதத்துக்கு மேல் இருக்க நினைத்தால் நீண்டகால விசா கேளுங்கள். இந்த ஒரு தாளுக்காக ஆறு மாதம் முன்பே வேலையைத் தொடங்கினாலும் தப்பில்லை.

படி 2: படகைத் தேர்ந்தெடுப்பது

நான்கு பேர் குடும்பத்துக்கு 38 முதல் 45 அடி போதும். கட்டமரன் என்னும் இரட்டை உடல் படகு சாயாமல் போகும், இடமும் அதிகம், பிள்ளைகள் தரையில் கட்டை அடுக்கி விளையாடலாம். விலை, பராமரிப்பு, துறைமுக வாடகை எல்லாம் கூடுதல். ஒற்றை உடல் படகு ஆடும், சாயும், ஆனால் அதே காசுக்கு வலுவான படகு கிடைக்கும். கட்டமரன் என்ற பெயரே நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான். அதைச் சொன்ன நாளிலிருந்து பக்கத்தில் எந்தக் கட்டமரன் வந்து நின்றாலும் என் மகள் அது தன்னுடையது என்பாள்.

நீளத்தைவிட நான் பார்க்கச் சொல்வது மூன்று. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனக்கே தனக்கென்று ஒரு படுக்கை, சிறியதானாலும் சரி, படகு சாயும்போது உருண்டு விழாமல் தடுக்கும் துணித் தடுப்போடு இருக்க வேண்டும். சுக்கான் பிடிப்பவர் உட்காரும் காக்பிட் குழிவாக, மேலே கூரையோடு இருக்க வேண்டும். அப்புறம், நங்கூரமும் சங்கிலியும் விற்பவர் சொல்வதைவிட ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும். பழைய படகு வாங்கி மிச்சமாகும் பணத்தில் முதலில் வாங்க வேண்டியது அதுதான்.

படி 3: ஒரு ஒத்திகைப் பருவம்

வீட்டைக் காலி செய்யும்முன் குறைந்தது மூன்று மாதம், கரை பக்கத்திலேயே படகில் வாழ்ந்து பாருங்கள். ஒரு இரவாவது விடிய விடிய ஓட்டிப் பாருங்கள். யாருக்கு வாந்தி வருகிறது, யாருக்கு இருட்டு பயம், யார் இரவில் விழித்திருக்க முடியும் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். எங்களுக்குத் தெரிந்தது: கணவரால் விடியற்காலையில் கண் விழிக்க முடியாது, எனக்கு இரவு பத்து மணிக்கு மேல் மூளை வேலை செய்யாது. இரவுக் காவலை அதன்படி பிரித்தோம். அவருக்கு எட்டு முதல் ஒன்று வரை, எனக்கு ஒன்று முதல் ஆறு வரை. ஐந்து மணி நேரம் நீளம்தான். ஆனால் பகல் முழுக்கப் பிள்ளைகளைப் பார்க்க வேண்டிய இருவருக்கும் தொடர்ச்சியான ஐந்து மணி நேரத் தூக்கம், துண்டு துண்டான எட்டு மணி நேரத்தைவிட மேல்.

படி 4: பிள்ளைகளின் பாதுகாப்பு

விதிகள் குறைவாக இருக்கட்டும். ஆனால் எவருக்கும் எந்நாளும் விலக்கு கூடாது. எங்கள் படகில் நான்கே விதி.

ஓடும்போது காக்பிட்டை விட்டு வெளியே வர வேண்டுமானால் பெரியவர் ஒருவரிடம் சொல்லி, பட்டையை மாட்டிய பிறகே. படகின் நீளத்துக்கு இரு பக்கமும் ஒரு வலுவான நாடாவைக் கட்டி வைப்பார்கள். இடுப்புப் பட்டையின் கொக்கியை அதில் மாட்டிக்கொண்டால் தவறி விழுந்தாலும் படகோடு இருப்போம். இரண்டாவது, இருட்டிய பிறகு பெரியவர்களும் பட்டை இல்லாமல் மேலே வரக் கூடாது. மூன்றாவது, கரைக்குப் போய்வரும் சின்னப் படகில் ஏறினால் மிதவைச் சட்டை. நான்காவது, யாராவது தண்ணீரில் விழுந்தால் பார்த்தவர் கையை நீட்டி அவரைக் காட்டிக்கொண்டே நிற்க வேண்டும், கண்ணை எடுக்கவே கூடாது. அலைக்கு நடுவே ஒரு தலையைத் தவறவிட்டால் மீண்டும் கண்டுபிடிப்பது மிகக் கடினம். ஐந்து வயதுப் பிள்ளையால் பாய் இறக்க முடியாது, ஆனால் கை நீட்டிக் காட்ட முடியும். மாதம் ஒருமுறை ஒரு மிதவையைத் தண்ணீரில் எறிந்து இதைப் பயிற்சி செய்தோம்.

படகைச் சுற்றியுள்ள கம்பிகளில் மீன்வலை போல வலுவான வலை கட்டுங்கள். அது பிள்ளையைக் காப்பாற்றுவதைவிட அதிகமாகப் பொம்மைகளைக் காப்பாற்றும் என்றாலும் கட்டுங்கள். ஆபத்தில் செயற்கைக்கோளுக்கு 406 மெகாஹெர்ட்ஸில் குறி அனுப்பும் ஈபர்ப் கருவி கட்டாயம். அதை உங்கள் பெயரில் பதிவு செய்து, தொடர்புக்கு ஒரு உறவினர் எண்ணும் கொடுத்திருக்க வேண்டும். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு வி.எச்.எஃப். ரேடியோவில் 16ஆம் சேனலில் படகின் பெயர், இருக்கும் இடம், எத்தனை பேர், என்ன ஆபத்து என்று சொல்லப் பழக்குங்கள். என் மகள் இதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சொல்லிப் பழகினாள்.

படி 5: நீண்ட ஓட்டம்

முதல் மூன்று நாள்தான் கஷ்டம். தலை சுற்றும், வாந்தி வரும், எரிச்சல் வரும். கிளம்பும்முன்பே மூன்று நாளைக்கான சாப்பாட்டைச் சமைத்து வைத்துவிடுங்கள்: தயிர்சாதம், புளிசாதம், வேகவைத்த உருளைக்கிழங்கு. பிள்ளைகளுக்கு வாந்தி மாத்திரையைக் கரையில் இருக்கும்போதே மருத்துவரிடம் கேட்டு, எடைக்கேற்ற அளவை எழுதி வாங்குங்கள். கரையிலேயே ஒருமுறை கொடுத்தும் பாருங்கள், சில பிள்ளைகளுக்கு அது தூக்கத்துக்குப் பதிலாகத் துள்ளலைக் கொடுக்கும்.

நான்காம் நாள் எல்லாம் மாறிவிடும். எங்களைப் போன்ற படகு மணிக்கு ஐந்து, ஆறு கடல் மைல் போகும், நாளுக்கு 120 முதல் 150. தினமும் நண்பகலில் வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்து, முந்தைய புள்ளியோடு கோடு போடுவது மகளின் வேலை. அட்சரேகை ஒரு பாகைக்கு அறுபது கடல் மைல் என்பதை அவள் புத்தகத்தில் படிக்கவில்லை. புள்ளிகளை எண்ணித் தானே கண்டுபிடித்தாள். மகனுடைய வேலை காலையில் தளத்தில் விழுந்து கிடக்கும் பறக்கும் மீன்களை எண்ணுவது. ஓட்டம் முடியும்வரை இருவரும் ஒருநாளும் அதை விடவில்லை. வேலை உண்மையானதாக இருக்கும்வரை பிள்ளைகளுக்குச் சலிப்பு வருவதில்லை என்பதை நான் நம்பத் தொடங்கியது அப்போதுதான்.

படி 6: தண்ணீரும் மின்சாரமும்

எங்கள் தொட்டி 500 லிட்டர். நன்னீரைக் குடிக்க, சமைக்க, கடைசியாக ஒரு கோப்பை ஊற்றி உப்பைக் கழுவ மட்டும் வைத்தால் ஆளுக்கு நாளுக்கு ஐந்து லிட்டரில் சமாளிக்கலாம். பாத்திரம் கடல்நீரில் கழுவி நன்னீரில் அலசுவது. குளியல் கடலில். கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் இருந்தால் வாழ்க்கை சுலபம். ஆனால் அதை நம்பி ஒருபோதும் தொட்டியைக் காலியாக விடாதீர்கள். எங்களுடையது துவாமோத்துவில் பழுதாகி, உதிரிபாகம் வந்து சேர ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரமும் எங்களைக் காப்பாற்றியது நிழல்துணியில் ஓரம் மடித்துக் குழாய் வைத்துப் பிடித்த மழைநீர். முதல் பத்து நிமிட மழையை விட்டுவிடுங்கள், உப்பும் தூசியும் போகட்டும்.

மின்சாரத்துக்கு 600 வாட் சூரியத்தகடு எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. குளிர்ப்பெட்டிதான் பெரிய செலவு. இப்போது செயற்கைக்கோள் இணையம் நடுக்கடலிலும் கிடைக்கிறது. வானிலைக்கு அது பெரிய உதவி, பிள்ளைகளின் கண்ணுக்குக் கேடு. எங்கள் படகில் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் மட்டும்.

படி 7: சமையலறை

அட்டைப்பெட்டி எதையும் படகுக்குள் கொண்டுவராதீர்கள். கரப்பான் முட்டைகள் வருவது அதில்தான். காய்களைக் கரையிலேயே கழுவிக் காயவைத்து ஏற்றுங்கள். முட்டை வாங்கும்போது கழுவாத, குளிரூட்டாத முட்டையாகப் பாருங்கள். சில நாளுக்கொருமுறை திருப்பி வைத்தால் வாரக்கணக்கில் இருக்கும். வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஒரே வலைப்பையில் போடாதீர்கள், சீக்கிரம் கெட்டுவிடும். முட்டைக்கோஸ் வெளி இலையைக் கிழித்துக் கிழித்து ஒரு மாதம் வரை ஓட்டலாம்.

நம் சமையல் படகுக்கு நன்றாகவே ஒத்துவருகிறது. குக்கர் மூடி பூட்டுவதால் படகு சாய்ந்தாலும் கொதிக்கும் குழம்பு பிள்ளைமேல் கொட்டாது. எரிவாயுவும் மிச்சம். பச்சைப் பயறு முளைகட்டினால் மூன்று வாரம் கடலில் இருந்தாலும் புதிதாக ஒரு பச்சை உணவு தட்டில் இருக்கும். இட்லி மாவு அந்த வெப்பத்தில் ஆறு மணி நேரத்தில் பொங்கிவிடும், பாத்திரத்தைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள்.

மார்க்கேசாஸில் ஈரப்பலாவும் பம்பளிமாஸும் மாம்பழமும் கொட்டிக் கிடக்கும். ஆனால் 'காட்டில் கிடக்கிறது' என்று நினைத்து ஒரு தேங்காயைக்கூட எடுக்காதீர்கள். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. கேட்டால் கூடை நிறையக் கொடுப்பார்கள். துவாமோத்துவில் நிலைமை நேர்மாறு. பவள மண்ணில் தென்னை தவிர அதிகம் விளையாது, சரக்குக் கப்பல் வரும் நாள்தான் காய்கறி நாள். அந்தக் கப்பலில் வருவது முதலில் ஊர்க்காரர்களுக்கு. அவர்கள் வாங்கி முடித்த பிறகு நாம் போக வேண்டும். மார்க்கேசாஸில் வாங்கிய பம்பளிமாஸ்களைத் துவாமோத்துக் குடும்பங்களுக்குக் கொடுத்தது எங்கள் பயணத்தில் நான் செய்த நல்ல காரியங்களில் ஒன்று.

படி 8: பவளத் தீவின் வாய்க்குள் நுழைவதும் நங்கூரம் போடுவதும்

இந்த ஒரு படியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

துவாமோத்துவை 'ஆபத்தான தீவுக்கூட்டம்' என்று பழைய மாலுமிகள் அழைத்தார்கள். 1947இல் தோர் ஹெயர்டால் பெருவிலிருந்து ஓட்டிவந்த கோன்-டிக்கி என்ற மரத்தெப்பம் வந்து மோதியது இங்குள்ள ராரோயாவின் பவளத் திட்டில்தான். மார்க்கேசாஸ் வானளாவிய எரிமலைத் தீவுகள், ஐம்பது மைலிலிருந்தே தெரியும். துவாமோத்துவில் நிலம் தண்ணீருக்கு இரண்டு, மூன்று மீட்டர் மேலே. தென்னையின் தலை மட்டும்தான் தெரியும், அதுவும் எட்டு, பத்து மைலுக்குள் வந்த பிறகு. மோதிரம் போல வளைந்த பவளத் திட்டு, நடுவே கடல் ஏரி. திட்டில் ஓரிரண்டு இடத்தில் மட்டும் வாய் இருக்கும். வெளியிலிருந்து அலை திட்டின்மேல் ஏறி உள்ளே தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருக்கும். அந்தத் தண்ணீர் முழுக்க இந்த வாய்வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதனால் நீரோட்டம் பல இடங்களில் படகின் எஞ்சின் வேகத்தையே மிஞ்சும். வெளியேறும் நீர் எதிர்க்காற்றோடு மோதும் இடத்தில் அலை செங்குத்தாக எழும்பும்.

ஆகவே நுழையும் நேரம் முக்கியம். கடல் ஓதத்தின் ஏற்ற இறக்கம் மாறும் இடைவெளியில் நீரோட்டம் தணியும்போது மட்டும் நுழையுங்கள். தெற்கிலிருந்து பெரிய அலை சில நாளாக அடித்துக்கொண்டிருந்தால் ஓத அட்டவணை பொய்யாகும், ஏரி நிரம்பி வழிந்து நாள் முழுக்க வெளியே ஓடும். அப்போது வெளியே காத்திருங்கள், அல்லது வேறு தீவுக்குப் போங்கள். எங்கள் முதல் வாய் ஃபகராவா தீவின் வடக்கு வாய், பெயர் கருவாயே (Garuae). நல்ல அகலமானது, முதல்முறை நுழைபவர்களுக்கு ஏற்றது. அப்படியும் வெளியே நான்கு மணி நேரம் சுற்றிக்கொண்டு காத்திருந்தோம். மகன் பொறுமையிழந்து, "அம்மா, அங்கதான் வழி இருக்கே, போலாமே" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். பைனாகுலரைக் கையில் கொடுத்து வாயில் வெள்ளை அலை தெரிகிறதா என்று பார்க்கச் சொன்னேன். "இப்போ இல்லம்மா" என்று அவன் சொன்னபோது மணி பதினொன்று. அதுதான் சரியான நேரமும்கூட.

ஏரிக்குள் இன்னொரு ஆபத்து: தண்ணீருக்கடியில் கோபுரம் போல எழும் பவளப் பாறைகள். நம் மன்னார் வளைகுடா மீனவர்கள் பார் என்று சொல்வார்களே, அந்த வகை, ஆனால் முப்பது மீட்டர் ஆழத்திலிருந்து நேராக மேலே வரும். வரைபடத்தை மட்டும் நம்பாதீர்கள், செயற்கைக்கோள் படங்களை முன்கூட்டியே இறக்கி வைத்து அதோடு ஒப்பிடுங்கள். காலை பத்து முதல் பிற்பகல் இரண்டு வரை, சூரியன் உச்சியிலோ முதுகுப் பக்கமோ இருக்கும்போது மட்டும் ஓட்டுங்கள். ஒருவர் படகின் முன்முனையான அணியத்தில் நின்று, கண்கூசாத கண்ணாடி போட்டுக்கொண்டு நிறம் சொல்ல வேண்டும். அடர்நீலம் ஆழம். வெளிர்பச்சை மணல். பழுப்பு என்றால் பாறை, உடனே விலகு. கத்தினால் எஞ்சின் சத்தத்தில் கேட்காது, கைச்சைகைகளை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கணவன் மனைவி சண்டை அதிகம் வருவதும் இந்த நேரத்தில்தான். நாங்கள் பேசுவதை நிறுத்தி, சைகைக்கு மாறிய பிறகு அந்தச் சண்டை நின்றுவிட்டது.

அப்புறம் நங்கூரம். மணல் திட்டாகப் பாருங்கள். பவளத்தின் மேல் நங்கூரம் போடுவது தவறு, பல நூறு ஆண்டு வளர்ச்சியை ஒரு இழுப்பில் உடைக்கும். ஆழத்தைப் போல ஐந்து மடங்கு சங்கிலி விடுங்கள், காற்று வலுத்தால் ஏழு மடங்கு. பத்து மீட்டர் ஆழத்துக்கு ஐம்பது மீட்டர். தரையில் கிடக்கும் சங்கிலி காற்று திரும்பும்போது பாறைகளைச் சுற்றிக்கொள்ளும். அதற்கு நங்கூரத்திலிருந்து முதல் பதினைந்து மீட்டரை விட்டுவிட்டு, பிறகு வரும் சங்கிலியில் இடைவெளி விட்டு இரண்டு மூன்று மிதவை கட்டுங்கள். முத்துப் பண்ணைகளிலிருந்து அறுந்து கரையொதுங்கிய மிதவைகள் அங்கே நிறையக் கிடைக்கும். சங்கிலி பாறைக்கு மேலே மிதந்து நிற்கும், பவளமும் பிழைக்கும், நீங்களும் காலையில் முக்குளித்துச் சிக்கெடுக்க வேண்டாம். எஞ்சினைப் பின்னோக்கிக் கொடுத்து நங்கூரம் பிடித்ததா என்று சோதியுங்கள். பிறகு கண்ணாடி மாட்டி நீந்திப் போய் நேரில் பாருங்கள். எங்கள் வீட்டில் அது மகளும் அவள் அப்பாவும் சேர்ந்து செய்யும் வேலை. திரும்பி வந்து அவள் வரைந்து காட்டிய பிறகுதான் எனக்குத் தூக்கம் வரும்.

கடைசியாக ஒன்று. ஃபகராவாவின் ஏரி சுமார் 60 கிலோமீட்டர் நீளம். கிழக்குக் கரையோரத் தென்னைகளுக்குப் பின்னால் நின்றால் குளம் போல அமைதியாக இருக்கும். காற்று மேற்கே திரும்பினால் ஏரியின் அகலம் முழுவதும் அலை வளர்ந்து வந்து உங்களைப் பவளத்தின் மேலே தள்ளும். நாங்கள் ஒருமுறை அதில் மாட்டினோம். மறுநாள் காற்று திரும்பும் என்று முன்னறிவிப்பு சொன்னது. பிள்ளைகளின் நண்பர்கள் பக்கத்துப் படகில் இருந்ததால் இன்னும் ஒரு இரவு என்று தங்கினோம். காற்று ஆறு மணி நேரம் முன்னதாக, நள்ளிரவில் வந்தது. இருட்டில் அந்தப் பாறைகளுக்கு நடுவே நகர வழியில்லை. விடியும்வரை எஞ்சினை முன்னோக்கி ஓடவிட்டு, சங்கிலிக்கு இழுவை குறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். நங்கூரம் தாங்கியது. அதற்குப் பிறகு ஒரு விதி சேர்ந்தது: காற்று திரும்பும் என்று தெரிந்தால், முந்தைய நாள் பிற்பகல் இரண்டுக்குள் இடம் மாறிவிட வேண்டும், யார் அழுதாலும்.

படி 9: மருத்துவம்

பயப்பட வேண்டியது சுறாவுக்கு அல்ல. ஃபகராவாவின் தெற்கு வாயில் நூற்றுக்கணக்கான சாம்பல் சுறாக்களுக்கு மேலே எங்கள் பிள்ளைகள் நீந்தியிருக்கிறார்கள். பயப்பட வேண்டியது சிறு காயத்துக்கு. பவளம் கீறினால் வெப்பத்தில் இரண்டே நாளில் சீழ் பிடிக்கும். உடனே நன்னீரும் சோப்பும் போட்டு, வலித்தாலும் தேய்த்துக் கழுவி, கிருமிநாசினி தடவி, ஆறும்வரை தண்ணீரில் இறங்காமல் இருக்க வேண்டும். மார்க்கேசாஸின் நோநோ பூச்சிக் கடியும் இப்படித்தான். சொறிந்தால் புண், புண்ணிலிருந்து காய்ச்சல். பிள்ளைகளின் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். நீந்தி முடித்ததும் காதைத் துடைத்து உலர்த்தும் பழக்கம் பாதிக் காதுவலியைத் தடுக்கும். கல்மீன் முள் குத்தினால் பொறுக்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில் ஒரு மணி நேரமாவது முக்கி வையுங்கள், வலி தணியும். அதற்குள் உதவி கேளுங்கள்.

சிகுவாடெரா என்ற மீன்நஞ்சைத் தெரிந்துகொள்ளுங்கள். பவளப் பாறையில் வாழும் நுண்பாசி ஒன்றிலிருந்து தொடங்கி, சின்ன மீன், பெரிய மீன் என்று சேர்ந்துகொண்டே போகும். சமைத்தாலும் உறையவைத்தாலும் போகாது, மணத்திலோ சுவையிலோ தெரியாது. வாந்தி, வயிற்றுப்போக்கு, உதடு மரத்தல், குளிர்ந்தது சுடுவது போன்ற உணர்வு வரும், வாரக்கணக்கில் நீடிக்கலாம். மாற்று மருந்து கிடையாது. ஏரிக்குள் பிடித்த மீனை, அந்த ஊர் மீனவரிடம் காட்டாமல் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். ஒரு தீவில் பாதுகாப்பான மீன் அடுத்த தீவில் நஞ்சாக இருக்கும். ஆழ்கடலில் தூண்டிலில் வரும் சூரையும் மாஹி-மாஹியும் தாராளமாகச் சாப்பிடலாம்.

பிள்ளைகளின் எடையை இரண்டு மாதத்துக்கொருமுறை பார்த்து மருந்துப் பெட்டியின் மூடியில் எழுதுங்கள். செயற்கைக்கோள் போனில் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

படி 10: படிப்பும் நண்பர்களும்

காலை எட்டு முதல் பத்து வரை கணக்கும் மொழியும். ஓடும்போது ஒரு மணி நேரம் போதும், முதல் மூன்று நாள் விடுமுறை. தமிழுக்கென்று தனியாக நாங்கள் வைத்தது ஒன்றே ஒன்று: தினமும் ஐந்து வரி நாட்குறிப்பு, தமிழில். பிழையைத் திருத்தவில்லை. திரும்பிப் போகும்போது இந்தியாவில் படிப்பைத் தொடர நினைப்பவர்கள், தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாகப் பத்தாம் வகுப்பு எழுத முடியும் என்பதை நினைவில் வையுங்கள், 14 வயது நிறைந்திருக்க வேண்டும்.

படிப்பைவிட எனக்குக் கவலையாக இருந்தது தனிமை. பிள்ளைகள் உள்ள படகுகளைக் கடலோடிகள் 'கிட் போட்' என்று சொல்வார்கள். மார்க்கேசாஸில் அப்படி இரண்டு படகுகளைச் சந்தித்த பிறகு எங்கள் வழித்தடத்தைப் பாதி அவர்களோடு சேர்த்து அமைத்தோம். ஒரு நல்ல தீவைத் தவறவிட்டாலும் பரவாயில்லை, நண்பனைத் தவறவிடாதீர்கள். பிரிவும் அடிக்கடி வரும், மகன் ஒருமுறை இரண்டு நாள் பேசாமல் இருந்தான். அதைச் சமாதானம் செய்ய அவசரப்படாமல் கூட உட்கார்ந்திருந்தோம்.

படி 11: ஊருக்குள் போகும்போது

டோங்காவின் வவாவுவில் ஜூலை முதல் அக்டோபர் வரை கூன்முதுகுத் திமிங்கிலங்கள் குட்டி போட வரும். உரிமம் பெற்றவர்களோடு மட்டுமே அவற்றோடு தண்ணீரில் இறங்கலாம். உங்கள் படகிலிருந்து நீங்களே குதிக்கக் கூடாது. இரவில் படகின் அடிப்பலகை வழியாக அவற்றின் பாட்டு கேட்கும், பிள்ளைகளைப் படுக்கையில் காதை வைத்துக் கேட்கச் சொல்லுங்கள்.

ஃபிஜியில் முதலில் சவுசவு போன்ற நுழைவுத் துறைமுகத்தில் பதிவு. அதுவரை வழியில் எந்தத் தீவிலும் நிற்கக் கூடாது. மஞ்சள் கொடி ஏற்றி அதிகாரிகள் வரும்வரை படகிலேயே இருங்கள். தேன், இறைச்சி, விதைகள், பழம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். சவுசவு சந்தையில் முருங்கைக்காயும் வெண்டைக்காயும் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. 1903 முதல் 1916 வரை சென்னையிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். நாடி (Nadi) நகரில் முருகனுக்குப் பெரிய கோயில் உண்டு. எங்கள் பிள்ளைகளுக்கு, கடல் தாண்டி வந்த தமிழர்களில் தாங்கள் முதலாமவர்கள் இல்லை என்று அங்கே புரிந்தது. அவர்கள் விரும்பி வந்த கதை அல்ல என்பதையும் சொன்னோம்.

கிராமங்களுக்கு, முக்கியமாக லாவு தீவுகளுக்கு, போகும்முன் சந்தையில் காவா பானம் செய்யும் யங்கோனா வேர்க்கட்டு சிலவற்றை வாங்கிக்கொள்ளுங்கள். எந்தக் கிராமத்தின் முன் நங்கூரம் போட்டாலும் முதல் வேலை, ஊர்த்தலைவரைக் கண்டு அந்த வேரை முன்னால் வைத்து அனுமதி கேட்பது. அதற்கு செவுசெவு என்று பெயர். கடலும் கரையும் மீனும் அவர்களுடையது, அவர்கள் சம்மதித்த பிறகே நீந்தவும் மீன்பிடிக்கவும். தோளும் முழங்காலும் மூடிய உடை, தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் கழற்றிவிட வேண்டும். தரையில் சம்மணமிட்டு உட்கார வேண்டும், நம் பிள்ளைகளுக்கு அது சொல்லித்தரத் தேவையில்லை. லாவுவின் ஃபுலங்கா தீவில் ஒவ்வொரு படகுக்கும் ஒரு குடும்பத்தைப் பொறுப்பாக்குவார்கள். எங்களுக்கு அமைந்த குடும்பத்தில் ஒரு பாட்டி. மகனை முதல்நாளே மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழிகூட இல்லை, பத்து நாளும் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

படி 12: நவம்பருக்குள்

அக்டோபர் பிறந்ததும் எங்கே பதுங்குவது என்று முடிவாகிவிட வேண்டும். நியூசிலாந்து ஒரு வழி: ஃபிஜியிலிருந்து சுமார் 1,100 கடல் மைல், ஏழு முதல் பத்து நாள். அது வெப்பக் கடலை விட்டுக் குளிர்க் கடலுக்குப் போகும் ஓட்டம், இந்த வழித்தடத்தில் காற்றை மிகக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டியதும் இதுதான். படகின் அடிப்பாகம் சுத்தமாக இருக்கிறது என்பதற்குச் சான்று காட்டாமல் நியூசிலாந்தில் நுழைய முடியாது. அதனால் கிளம்பும்முன் சுத்தம் செய்து, ரசீதும் படங்களும் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு வழி, ஃபிஜியின் வூடாவில் தரையில் தோண்டிய குழிக்குள் படகின் அடிக்கட்டையை இறக்கி நிறுத்திவிட்டு விமானத்தில் ஊருக்குப் போவது. காப்பீட்டு நிறுவனம் எதை ஏற்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நாங்கள் குழியைத் தேர்ந்தெடுத்தோம். பாய்களைக் கழற்றி மடித்து, தொட்டியைக் காலி செய்து, குளிர்ப்பெட்டியைத் துடைத்துத் திறந்து வைத்து, அரிசியும் பருப்பும் மீந்ததைப் பக்கத்துப் படகுக்குக் கொடுத்தோம். சங்கிலியிலிருந்த மிதவைகளை மகள் கழற்றிக் கழுவி, அடுத்த மே மாதத்துக்கு என்று அதன்மேல் தேதி எழுதி நங்கூரப் பெட்டிக்குள் வைத்தாள்.